டாம் ரிச்சர்ட்சன்: மான்செஸ்டரில் திகைத்து நின்றவரா, 20 பவுண்ட் கேட்டவரா?

பழைய ஸ்கோர்புக் (இழையைத் தொடங்கியவர்)

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி இங்கே பேச்சு வந்தால் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. 1896 ஜூலை, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்ட். இங்கிலாந்தை ஆஸ்திரேலியா மூன்று விக்கெட்டில் ஜெயித்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் பெவிலியனுக்கு ஓடுகிறார்கள். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் டாம் ரிச்சர்ட்சன் மட்டும் பந்து போட்ட இடத்திலேயே பிரமை பிடித்தவர் போல நிற்கிறார். யாரோ வந்து அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் எழுத்தாளர் நெவில் கார்டஸ் எழுதிப் புகழ்பெற்ற காட்சி.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த ஆட்டம் நடந்தபோது கார்டஸுக்கு ஏழெட்டு வயது. ஆட்டம் முடிந்ததும் முதலில் உள்ளே போனவரே ரிச்சர்ட்சன்தான், மற்றவர்கள் ஷூவைக் கழற்றுவதற்குள் பீர் கோப்பையைக் காலி செய்துவிட்டார் என்று நேர் எதிரான கதையும் உண்டு. எது உண்மை என்று அடித்துக்கொள்ள நான் இந்த இழையைத் திறக்கவில்லை. அந்தக் காட்சி அவரைச் செக்குமாடு ஆக்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். வாயில்லாத, நல்ல, பலசாலியான ஜீவன். ஆனால் இதே மனிதர் மூன்று வாரம் கழித்து என்ன செய்தார் என்பதை யாரும் படமாக எழுதி வைக்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அறிமுகம், புதியவர்களுக்காக. பிறந்தது 1870 ஆகஸ்ட் 11, சர்ரே மாவட்டத்தின் பைஃப்ளீட். ஆறடி உயரம், அகன்ற மார்பு, கறுத்த சுருள்முடி, பெரிய மீசை. 1892இல் சர்ரே அணிக்கு வந்தார். 1893இல் இதே ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்ட், பத்து விக்கெட். மொத்தம் 14 டெஸ்ட், எல்லாமே ஆஸ்திரேலியாவோடு, 88 விக்கெட். 11 தடவை ஒரு இன்னிங்ஸில் ஐந்தோ அதற்கு மேலோ.

முதல்தரக் கிரிக்கெட் கணக்கைப் பார்த்தால்தான் தலை சுற்றும். 1894இல் 196 விக்கெட், சராசரி 10.32. 1895இல் 290. 1896இல் 246. 1897இல் 273. கூட்டிப் பாருங்கள், நாலு கோடைக்காலத்தில் 1005. வேகப்பந்து வீச்சாளர், ஐயா. சுழற்பந்து போட்டுவிட்டு ஸ்லிப்பில் நின்று காற்று வாங்கியவர் இல்லை.

நெட் பவுலர்

1005ஆ? தட்டச்சுப் பிழை இல்லையே? நான் கிளப் கிரிக்கெட்டில் ஒரு தடவை ஒரே நாளில் 18 ஓவர் போட்டேன். மறுநாள் பல் தேய்க்கக் கை தூக்க முடியவில்லை. மான்செஸ்டரில் அவர் எத்தனை ஓவர் போட்டார் என்று யாராவது சொல்லுங்கள்.

சட்டப்புத்தகம்

முதல் இன்னிங்ஸில் 68 ஓவர், 168 ரன், 7 விக்கெட். இரண்டாவதில் 42.3 ஓவர், 76 ரன், 6 விக்கெட். ஆக 110.3 ஓவர், 244 ரன், 13 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று மணி நேரம், மாற்றமே இல்லாமல் ஒரே முனையிலிருந்து.

ஒரு எச்சரிக்கை. அப்போது இங்கிலாந்தில் ஓவருக்கு ஐந்து பந்து. 1889இல் நாலு பந்து ஐந்தாயிற்று, 1900இல்தான் ஆறு. அதனால் 110.3 என்பது 553 பந்து. நம் கணக்கில் 92 ஓவரும் ஒரு பந்தும். இப்படிச் சொன்னதும் "ஓ, அவ்வளவுதானா" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மீதியையும் கேளுங்கள்.

ஒன்று, புதுப்பந்து. ஒரு இன்னிங்ஸ் நடுவில் இரண்டாவது புதுப்பந்து கேட்கும் உரிமையே அன்று கிடையாது. 200 ரன் ஆனதும் மாற்றலாம் என்ற விதி 1907இல்தான் வந்தது. மான்செஸ்டரில் ஆஸ்திரேலியா எடுத்தது 412. முழு இன்னிங்ஸும் ஒரே பந்து. ஐரெடேல் 108 அடித்தபோது அந்தப் பந்து பஞ்சு மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொன்று, எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட். இதுதான் ரிச்சர்ட்சனைப் புரிந்துகொள்ளச் சாவி. அவருடைய முக்கிய ஆயுதம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி வேகமாக உள்ளே வெட்டும் பந்து. இன்றைக்கு அந்தப் பந்து பேடில் பட்டால் பாதி மைதானம் கத்தும், விரலும் எழும். அன்றைக்குப் பந்து இரண்டு விக்கெட்டுக்கும் நேர்கோட்டில் குத்தியிருந்தால்தான் எல்பிடபிள்யூ. வெளியே குத்தி உள்ளே வந்தால் காலை நீட்டித் தடுத்துவிட்டுச் சிரிக்கலாம். 1930களின் நடுப்பகுதி வரை அந்தக் கூத்து நடந்தது. எனவே ரிச்சர்ட்சனுக்கு இருந்த வழி, பேட்டையும் காலையும் தாண்டி ஸ்டம்பைச் சாய்ப்பது. பெரும்பாலும் அதைத்தான் செய்தார்.

அப்புறம் ஃபாலோ ஆன், அதாவது முதல் இன்னிங்ஸில் ரொம்பப் பின்தங்கிய அணி உடனே இரண்டாவது இன்னிங்ஸையும் ஆடுவது. அதுவும் அன்று கேப்டன் இஷ்டம் இல்லை. 120 ரன் பின்தங்கினால் கட்டாயம். மான்செஸ்டரில் இங்கிலாந்து 231க்கு ஆட்டமிழந்து திரும்ப ஆட வந்தது விதிப்படி.

கவர்டிரைவ்

அந்த இரண்டாவது இன்னிங்ஸை இவ்வளவு சீக்கிரமாகத் தாண்டாதீர்கள். அதில்தான் ரஞ்சித்சிங்ஜி ஆட்டமிழக்காமல் 154. அவருக்கு அது முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 62. இங்கிலாந்து மொத்தம் 305. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு வெறும் 125. நம் ஊரில் ரஞ்சிக் கோப்பை என்று வருடாவருடம் பேசுகிறோம், அந்த மனிதர் டெஸ்டில் கால் வைத்த நாளும் ரிச்சர்ட்சன் உயிரைக் கொடுத்துப் போட்ட நாளும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு சந்தேகம். மூடாத ஆடுகளங்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு. சராசரி 10.32 என்பதெல்லாம் அந்தக் களங்கள் போட்ட பிச்சை இல்லையா? யார் போட்டாலும் விக்கெட் விழுந்த காலம் என்று ஒதுக்கிவிடலாம் என்றே எனக்குத் தோன்றும்.

பழைய ஸ்கோர்புக்

கவர்டிரைவ், பாதிதான் ஒப்புக்கொள்வேன். மழைக்களம் என்றால் அன்று பந்தைக் கொடுப்பது பெரும்பாலும் மெதுவாகப் போடுபவர்களிடம். ஈரத்தில் வேகப்பந்து வீச்சாளருக்குக் கால் ஊன்றக்கூட இடம் கிடைக்காது. சர்ரேயின் சொந்த மைதானமான ஓவலோ மட்டையாளர்களுக்கு நல்ல களம் என்று பெயர் வாங்கியது. அங்கேதான் 1894இல் எசெக்ஸுக்கு எதிராக 45 ரன்னுக்குப் பத்து விக்கெட்டையும் எடுத்தார்.

ஆஸ்திரேலியா போய்ப் பாருங்கள். 1894–95, ஸ்டோடார்ட் தலைமையில் போன அணி. சிட்னியில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா 586. ரிச்சர்ட்சன் எடுத்தது 181 ரன்னுக்கு ஐந்து. முதல் மூன்று விக்கெட்டை 21 ரன்னுக்குள் சாய்த்தவரும் அவரே, அதற்குப் பிறகு நாள் முழுக்க அடி வாங்கியவரும் அவரே. இங்கிலாந்து ஃபாலோ ஆன் ஆடி, கடைசியில் பத்து ரன்னில் ஜெயித்தது. ஃபாலோ ஆன் வாங்கிய அணி ஜெயித்த முதல் டெஸ்ட் அது. அடுத்தது நடக்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தொடர் 2–2 என்று நின்று மெல்போர்னில் ஐந்தாவது டெஸ்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் ரிச்சர்ட்சன் 104 ரன்னுக்கு ஆறு. அப்புறம் யார்க்‌ஷயரின் ஜே. டி. பிரவுன் 140 அடித்து முடித்து வைத்தார். பெயர் பிரவுனுக்குப் போயிற்று. போகட்டும், 140 அடித்தவருக்குப் போகாமல் யாருக்குப் போகும். ஆனால் ஐந்து டெஸ்டில் 32 விக்கெட், 300 ஓவருக்கு மேல், அதுவும் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு ஆறு பந்து. வயது 24.

நெட் பவுலர்

32ஆ! 2024–25இல் பும்ரா ஆஸ்திரேலியாவில் எடுத்ததும் சரியாக 32. அவர் போட்டது 151 ஓவர் சொச்சம், கடைசி டெஸ்டில் முதுகு பிடித்து வெளியே போனார். நாம் மாதக்கணக்கில் "சுமையைக் குறை, சுமையைக் குறை" என்று கூவினோம். இவர் அதைப் போல இரண்டு மடங்கு போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அதே கோடையில் 290 எடுத்திருக்கிறார்.

கவர்டிரைவ்

சராசரியையும் சொல்லுங்கள், தம்பி. பும்ராவுக்கு 13, ரிச்சர்ட்சனுக்கு 26.53. ஓவர் எண்ணிக்கையை வைத்து யார் உழைப்பாளி என்று சொல்லலாம், யார் பெரிய பவுலர் என்று சொல்ல முடியாது.

மிச்சம்வாசி

வணக்கம். பல மாதங்களாக வாசிப்பதோடு சரி, இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது தென் லண்டன் மிச்சம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இங்கே இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்தப் பகிடியைப் பல வருடமாகச் சொல்லி முடித்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கிளம்பி டூட்டிங்கில் இறங்கி, வாடகை கட்டுப்படியாகாமல் கொஞ்சம் தள்ளி வந்தால் மிச்சம்தான்.

ரிச்சர்ட்சன் பைஃப்ளீட்டில் பிறந்தாலும் வளர்ந்ததும் பந்து போடப் பழகியதும் இங்கேதான். மிச்சம் கிரிக்கெட் கிரீன் இன்னும் இருக்கிறது. 1685 முதல் கிரிக்கெட் ஆடும் திடல் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு விசித்திரம், பெவிலியன் திடலுக்குள் இல்லை, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. துடுப்பாட்டக்காரர் கையில் மட்டையோடு, வாகனங்களுக்கு வழிவிட்டு, வீதியைக் கடந்துதான் களத்துக்கு வர வேண்டும். ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தவர் திரும்பிப் போகும்போது கார்களுக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ரிச்சர்ட்சன் பற்றி ஒரு கதை உண்டு. காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத்தில் இருந்து ஓவல் வரை நடந்து போவாராம், நாள் முழுக்கப் பந்து வீசிவிட்டு நடந்தே திரும்புவாராம். பத்துப் பதினொரு கிலோமீட்டர், ஒரு வழி. தினமும் நடந்தாரா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை நான் நடந்து பார்த்தேன். ஓவல் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் பிடித்தது. திரும்பி வந்தது நிலக்கீழ் ரயிலில், வெட்கமில்லாமல்.

நெட் பவுலர்

மிச்சம் அண்ணா, ஒரு பந்துகூடப் போடாமல் ரயில் ஏறியதை இழையின் சார்பில் மன்னிக்கிறோம்.

பழைய ஸ்கோர்புக்

சரி, மூன்று வாரம் கழித்து என்ன நடந்தது என்ற கதைக்கு வருகிறேன்.

1896 தொடர். லார்ட்ஸில் முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 53 ரன்னுக்குச் சுருண்டது, ரிச்சர்ட்சன் 39க்கு ஆறு. இரண்டாவது இன்னிங்ஸில் டிராட்டும் கிரெகரியும் சதம் போட்டு 221 ரன் கூட்டாகச் சேர்த்தார்கள். அப்படியும் ரிச்சர்ட்சனுக்கு ஐந்து. மான்செஸ்டரில் 13. இரண்டு டெஸ்டில் 24 விக்கெட். தொடர் 1–1. முடிவு ஓவல் டெஸ்டில்.

அந்த டெஸ்டுக்குக் கூலி 10 பவுண்ட். ஆகஸ்டில் ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து தொழில்முறை வீரர்கள் சர்ரே கமிட்டியிடம் 20 பவுண்ட் கேட்டார்கள், இல்லாவிட்டால் ஆட மாட்டோம் என்றார்கள். லோமன், கன், ஏபெல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன். இதில் வில்லியம் கன் மட்டும் நாட்டிங்ஹாம்ஷயர், மற்ற நாலு பேரும் சர்ரேயின் சொந்த ஆட்கள். மைதானம் சர்ரேயுடையது, டிக்கெட் காசும் அங்கேதான் குவிகிறது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. பணம் வாங்காமல் விளையாட்டுக்காக ஆடுகிறோம் என்று சொல்லிக்கொண்ட "அமெச்சூர்" கனவான்களுக்குச் செலவுப்படி என்ற பெயரில் எவ்வளவு போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. டபிள்யூ. ஜி. கிரேஸின் பெயர்தான் அதில் முதலில் அடிபட்டது. அவர்தான் இங்கிலாந்து கேப்டன். ஒரே அணி, ஆனால் கனவான்களுக்கு ஒரு உடைமாற்றும் அறை, கூலிக்காரர்களுக்கு வேறு அறை. ஸ்கோர் அட்டையில்கூடப் பெயரை எழுதும் முறை வேறு.

கமிட்டி மசியவில்லை. ஏபெல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன் மூவரும் கோரிக்கையைக் கைவிட்டு ஆடினார்கள். லோமனும் கன்னும் ஆடவில்லை. லோமனுக்கு அதோடு இங்கிலாந்து வாழ்க்கை முடிந்தது. ஏற்கெனவே காசநோய், தென்னாப்பிரிக்கா போய் 1901இல் 36 வயதில் இறந்தார். ஓவலில் இங்கிலாந்து ஜெயித்து, ஆஸ்திரேலியாவோடு ஆடும் தொடரின் கோப்பையான ஆஷஸை வைத்துக்கொண்டது. ஹெர்னும் பீலும் சேர்ந்து ஆஸ்திரேலியாவை 44க்குச் சுருட்டினார்கள். ரிச்சர்ட்சனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் இல்லை.

மான்செஸ்டரில் திகைத்து நின்ற ரிச்சர்ட்சன் எனக்கு வேண்டாம். 553 பந்து போட்டு முடித்து, கணக்குப் பார்த்து, இதற்குப் பத்து பவுண்ட் போதாது என்று வாய் திறந்து கேட்டவர்தான் எனக்கு வேண்டும்.

கவர்டிரைவ்

நீங்கள் ஆசைப்படுகிற ரிச்சர்ட்சனை நீங்களே செதுக்குகிறீர்கள், ஐயா. கார்டஸ் செய்ததும் இதுதானே? கேட்டார், சரி. கமிட்டி முறைத்ததும் திரும்பி வந்தாரே, அதை ஏன் ஒரே வரியில் தாண்டுகிறீர்கள்? போராளி என்றால் லோமனைச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கோர்புக்

நியாயமான கேள்வி. போராளி என்று நான் சொல்லவில்லை. பின்வாங்கியவர்தான். லோமனுக்குக் கேப் டவுனில் வேறு வாழ்க்கை ஏற்கெனவே இருந்தது. ரிச்சர்ட்சனுக்குச் சர்ரேயை விட்டால் சோறு இல்லை. சோற்றுக்குப் பயந்து பின்வாங்கினாலும் அவர் கேட்டது கேட்டதுதான். இன்னும் சொல்லப்போனால், பயந்ததால்தான் அவர் சிலையாக இல்லாமல் ஆளாகத் தெரிகிறார்.

சட்டப்புத்தகம்

இடையில் ஒன்று, யாரும் தொடாத விஷயம். ரிச்சர்ட்சன் வந்த புதிதில் அவர் முழங்கையை மடக்கி, விதிக்கு மாறாகப் பந்தை எறிகிறார் என்ற முணுமுணுப்பு இருந்தது. முழங்கையை நேராக்கித் திருத்திக்கொண்டார், பேச்சு அடங்கியது. லங்காஷயரின் ஆர்தர் மோல்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே காலத்தவர், அதே மாதிரி மலைமலையாக விக்கெட் எடுத்தவர். 1901இல் ஓல்ட் டிராஃபோர்டில் நடுவர் ஜிம் ஃபிலிப்ஸ் எறிந்ததாகச் சொல்லி 16 நோபால் கொடுத்தார். மோல்டின் கதை அத்தோடு சரி. ரிச்சர்ட்சன் ஆரம்பத்திலேயே மாற்றிக்கொண்டதால்தான் நாம் இன்று அவருக்கு இழை போடுகிறோம்.

நெட் பவுலர்

அப்புறம் என்ன ஆனார்? 1897க்குப் பிறகு எண்ணிக்கை இறங்குகிறதே.

பழைய ஸ்கோர்புக்

உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1897–98இல் மறுபடி ஆஸ்திரேலியா போனார். மூட்டுவாதம், எடையும் ஏற ஆரம்பித்துவிட்டது. 22 விக்கெட் எடுத்தும் சராசரி 35. ஆனால் கடைசி டெஸ்டைப் பாருங்கள். சிட்னி, முதல் இன்னிங்ஸில் 94 ரன்னுக்கு எட்டு, இரண்டாவதில் இரண்டு. அவருடைய டெஸ்ட் வாழ்வின் மிகச் சிறந்த கணக்கு கடைசி ஆட்டத்தில்தான். அப்படியும் ஜோ டார்லிங் 160 அடித்து ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வைத்தார். மான்செஸ்டர், சிட்னி, இரண்டிலும் பத்தோ அதற்கு மேலோ எடுத்துத் தோல்வி. ராசி அப்படி.

1898இலும் 161 விக்கெட் எடுத்தார், வார்விக்‌ஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 15. ஆனால் பழைய வெட்டு வேகம் எப்போதாவதுதான் வந்தது. 1904இல் சர்ரே வாழ்க்கை முடிந்தது. பாத் நகருக்குப் போனார், சாமர்செட்டுக்கு ஒரே ஒரு ஆட்டம், பிறகு பப் நடத்தினார். முதல்தரக் கிரிக்கெட்டில் மொத்தம் 2104 விக்கெட், சராசரி 18.43.

1912 ஜூலை 2இல் இறந்தார், 41 வயது. பிரான்சின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில், விடுமுறைக்குப் போன இடத்தில், நடைபாதையில். தற்கொலை என்று பல பத்தாண்டுகள் கதை ஓடியது. நிறைய நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. பிற்பாடு பிரெஞ்சுப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது இயற்கை மரணம் என்று தெரிந்தது. இதுவும் அந்த மான்செஸ்டர் காட்சி மாதிரிதான். பெரிய உடம்பு, சோகமான முகம், அதற்குத் தக்க ஒரு முடிவு வேண்டும் என்று யாரோ எழுதிவிட்டார்கள்.

மிச்சம்வாசி

ரிச்மண்ட் மயானத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லை. அடுத்த முறை போய்ப் பார்க்கிறேன். நடந்து அல்ல.

கவர்டிரைவ்

நான் இன்னும் உங்கள் கட்சிக்கு முழுசாக வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 20 பவுண்டை அவர்கள் கடைசியில் கொடுத்தார்களா, இல்லையா?

சட்டப்புத்தகம்

கொடுத்தார்கள். 1899 உள்நாட்டுத் தொடரில் தொழில்முறை வீரர்களுக்கு டெஸ்டுக்கு 20 பவுண்ட் என்று ஆயிற்று.

நெட் பவுலர்

சூப்பர். 1899இல் ரிச்சர்ட்சன் எத்தனை டெஸ்ட் ஆடினார்?

பழைய ஸ்கோர்புக்

ஒன்றும் இல்லை, தம்பி.